மாடுதானே திங்குது

கடிதம்:

வணக்கம் சார். நுண்ணுயிரியல்ல பிஎச்டி பண்றேன். மல்லாட்டைல, அதான் நிலக்கடலைல, புடிக்கிற பூசணம், அதோட நஞ்சு புண்ணாக்கு வழியா பாலுக்கு வர்றது, ரெண்டையும் சேத்துப் பாக்கறேன். பயிர்க்காரங்க இது மாட்டு சப்ஜெக்ட்ங்கறாங்க, கால்நடை பக்கம் போனா இது செடி நோய்ங்கறாங்க. கிராம மக்கள்கிட்ட விழிப்புணர்வே இல்ல, அவங்களுக்காக தமிழ்ல எழுதணும். அஃப்லாடாக்ஸினுக்கு நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்க.

பதில்:

அஃப்லாடாக்ஸின்னே எழுதும்மா, பூசண நஞ்சுன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும், புரிஞ்சுக்குவாங்க. டிபார்ட்மென்ட் சண்டைய விடுங்க. வேளாண் பல்கலைக்கழகத்துலருந்து கால்நடைய தனியா பிரிச்சது 1989ல, அந்தச் சுவர நீங்களும் நானும் இடிக்கப் போறதில்ல. ஆனா ஒண்ணு, 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சு செத்து, தீவனத்துல கலந்த புண்ணாக்கத் தோண்டிப் போனதுலதான் இந்த நஞ்சே புடிபட்டுச்சு. அது செடி நோயா கோழி நோயான்னு அவங்ககிட்ட ஒரு தடவ கேட்டுட்டு வாங்க.

எனக்கு கோவம் வந்தது அந்த "விழிப்புணர்வே இல்ல"ல. யாருக்கு இல்ல? திண்டிவனம் பக்கம் எங்க வீட்டுத் திண்ணைல எங்கம்மா முறத்த வச்சு மல்லாட்டப் பயிறு, அதான் உடைச்ச பருப்பு, பொறுக்கறத நீங்க பாத்திருக்கணும். கொழுத்தது விதைக்கு, சுமாரானது வியாபாரிக்கு, சூம்புனது, கறுத்தது, பச்சையா தூள் பூத்தது எல்லாம் தனிச் சாக்கு. அதுல ஒண்ண நான் எடுத்து வாயில போட்டேன்னு முதுகுல வச்சாங்க ஒண்ணு. துப்புடா, கசக்கும்னாங்க. பூசணம் கெடுதல்னு அவங்களுக்கு யார் பாடம் எடுத்தா?

அந்தச் சாக்கு எங்க போச்சுங்கறதுதான் விஷயம். செக்குக்கு. எண்ணெயில கொஞ்சந்தான் போவும், நஞ்சுல பெரும்பங்கு புண்ணாக்குலயே தங்கிடும். அந்தப் புண்ணாக்கு எங்க வீட்டுக்கே திரும்பி வரும், பூத்திருந்தா அம்மா வெயில்ல காயவச்சு தட்டிட்டு கழுநீர்த் தொட்டில ஊறப் போடுவாங்க, வெயிலுக்கு ஈரம் போவும் நஞ்சு முழுசா போவாதுங்கறது மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியாதது. ஏம்மான்னா, "நாமளா திங்கறோம், மாடுதானே"ம்பாங்க. மாட்டோட ஈரல் அந்த நஞ்சுல ஒரு பங்க வேற உருவமாக்கி ஒரு நாளைக்குள்ள பால்ல விட்டுடுது, காய்ச்சினாலும் போகாது. சாயங்காலம் அதே பால்லதான் எங்களுக்கு டீ.

இப்ப பாருங்க. "கெட்ட பயிற பொறுக்கி எடுங்க"ன்னு பயிர்க்காரங்க சொல்றது சரியான அட்வைஸ்தான், விக்கிற கடல சுத்தமாயிடும். ஆனா பொறுக்கின அழுக்கெல்லாம் ஒரே சாக்குல சேந்து மாட்டுத் தொட்டிக்கு போவுதே, அத எந்த நோட்டீஸ்லயாவது எழுதியிருக்கா? இங்க தீர்வு, அங்க நோய். பால்ல இந்த நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் தாண்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, சரி, சொத்தப் பயிறு சாக்குக்கு என்ன சட்டம்? அதுக்கும் ஒரு விலை இருக்குங்க, வாங்க ஆள் இருக்கு. விலை இருக்கற பொருள எந்த ஏழை வீடு குப்பைல கொட்டும்? அறுக்கறதுக்கு முன்னாடி மழ பொய்ச்சா நிலத்துலயே பூசணம் ஏறிடும், அதுக்கு விவசாயி என்ன விழிச்சு என்ன உணர்றது? காய் உடைக்க தண்ணி தெளிக்கறதையாவது நிறுத்தலாம், அத கண்டிப்பா எழுதுங்க, உடைக்கற மெஷின்காரனையும் சேத்துத் திட்டி எழுதுங்க.

கோவமா எழுதிட்டேனோ. நீங்க ரெண்டையும் சேத்துப் பாக்கறது எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்ல மறந்துட்டேன் பாருங்க. உங்க கடிதத்த நேத்து அம்மாவுக்கு போன்ல படிச்சுக் காமிச்சேன், பால் விஷயத்த கேட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கேட்டாங்க, "சரிடா, அந்தச் சாக்க வேற எங்க கொட்டறது?"

எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்கம்மா, அவங்ககிட்ட படிச்சுக் காமிக்கறேன்.