வரப்புக் கொழிஞ்சியை அழிக்கலாமா?

கேள்வி: பழனி மலையடிவாரத்தில், விருப்பாட்சி பக்கம் முருங்கை வைத்திருக்கிறேன், ஓரமாகக் கொஞ்சம் கத்தரி. மழையில்லாமல் புல்லே கருகிக் கிடக்கும்போது, வரப்பில் ஒரு செடி மட்டும் ஊதாப் பூவோடு நிற்கிறது. மாடு அதைத் தொடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குறிஞ்சி என்கிறார். தேனீயும் வண்டும் அதையே மொய்ப்பதால் முருங்கைக்கு வராமல் போய்விடுமோ? களைக்கொல்லி அடித்துவிடலாமா ஐயா? கொட்டகை மூங்கிலைக் கருவண்டு வேறு துளைக்கிறது. அதற்கும் மருந்து சொல்லுங்கள்.

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கொழிஞ்சி. குறிஞ்சி மேலே கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிச் செடி. 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். சந்தேகம் இருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது, அம்பு முனை போலப் பிய்ந்து வரும்.

ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியிலும் தாக்குப்பிடிக்கிறது. பயறு வகைச் செடி என்பதால் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தும் சேர்க்கும். வயலுக்கு இதையே பசுந்தாள் உரமாக விதைப்பவர்கள் உண்டு. விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

காலையில் வரப்பருகே உட்கார்ந்து ஒரு பூவைக் கவனியுங்கள். அவரைப் பூ மாதிரிதான் அமைப்பு. தேனீ வந்து அமர்ந்ததும் கீழிதழ் தாழும், உள்ளிருக்கும் மகரந்தம் அதன் வயிற்றில் ஒட்டும். இலைவெட்டித் தேனீ என்று ஒன்று உண்டு. மற்றத் தேனீக்கள் காலில் மகரந்தம் சுமக்கும். இது வயிற்றடியில் சுமக்கும். வயிறு மஞ்சளாகத் தெரிந்தால் அதுதான்.

முருங்கைக்கு வராமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். முருங்கை கொத்துக் கொத்தாகப் பூக்கும்போது பூச்சிகள் அங்கே வரத்தான் செய்யும். பூ ஓய்ந்த பிறகு அவை எதைத் தின்று உயிர் வாழும்? அந்த இடைவெளிக்கு வரப்பில் பூ இருக்க வேண்டும். வரப்பை மொட்டையடித்துவிட்டு, பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்று என்னிடம் வருபவர்கள் நிறைய.

நீங்கள் மருந்து கேட்ட கருவண்டு உண்மையில் வண்டல்ல, தச்சுத் தேனீ; முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் முக்கியமானது. கத்தரிக்கும் அது வேண்டும். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் இருக்கும்; பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் நன்றாகக் கொட்டும். அடுக்குத் தேனீக்கு அது வராது, கருவண்டுக்கு வரும். மூங்கிலைத் துளைப்பது கூடு கட்டத்தான். பாரம் தாங்கும் மூங்கிலுக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றை மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கொழிஞ்சி முருங்கைத் தூரை நெருங்கினால் அங்கே மட்டும் அரிவாளால் அறுத்து மூடாக்காகப் போடுங்கள். வரப்பில் ஒரு பக்கம் அறுத்தால் மறுபக்கம் பூவோடு நிற்கட்டும். மொட்டுப்புழு வந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு போதும், அதையும் பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள். பூத்திருக்கும்போது இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தின் பக்கமே போக வேண்டாம்.