பொன்னழகி முட்டையிட்டும் புழு ஏன் சாகிறது?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பொன்னழகி வண்ணத்துப்பூச்சிக்காக நாற்றுப் பண்ணையில் கேட்டு, ஈஸ்வரமூலி என்று கொடுத்த கொடியை வேலியில் படரவிட்டேன். இரண்டு மழைக்காலமாகப் பூச்சி தேடி வந்து முட்டையிடுகிறது. பொரிந்த புழுக்கள் இரண்டு மூன்று நாளில் கறுத்துச் செத்துவிடுகின்றன. நான் மருந்தே அடிப்பதில்லை. கொடியோ செழித்து, ஊதாவில் வெள்ளைக் கோடுகள் ஓடும் கையகலப் பூக்களைப் பூக்கிறது. நான் செய்த தவறு என்ன?

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கையகலப் பூ என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஈஸ்வரமூலியின் பூ அவ்வளவு பெரிதாக வராது. அடியில் சிறு குமிழும் அதற்கு மேல் குழலுமாக வெளிர்பச்சையில், உதட்டில் மட்டும் கருஞ்சிவப்போடு, இலைகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். தேடினால்தான் கண்ணில் படும். உங்கள் வேலியில் இருப்பது பிரேசில் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அரிஸ்டோலோக்கியா லிட்டோராலிஸ். ஈஸ்வரமூலியின் உறவுக்கொடிதான். ஆனால் பொன்னழகிப் புழுவுக்கு அது நஞ்சு.

தாய்ப்பூச்சி ஏன் ஏமாறுகிறது என்று நினைப்பீர்கள். அது முன்னங்கால்களால் இலையைத் தட்டி, கால் நுனியாலேயே சுவை பார்த்து முட்டையிடுகிறது. இந்தக் குடும்பத்துக் கொடிகளுக்கே உரிய கசப்பு வேதிப்பொருள் இரண்டிலும் இருப்பதால் சரியான கொடி என்று நம்பிவிடுகிறது. மிச்சத்தை அனுபவிப்பது புழு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே கொடி அங்குள்ள ரிச்மண்ட் பேர்ட்விங் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைக் கொன்றது. அதனால் அங்கே மக்கள் தோட்டம் தோட்டமாக அதைப் பிடுங்கி எறிந்தார்கள். நம் ஊரில் அதையே 'பட்டாம்பூச்சிக் கொடி' என்று எழுதி விற்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நாற்றுப் பண்ணைக்காரருக்கு வேகமாக வளர்ந்து, பெரிதாகப் பூத்து, சீக்கிரம் விலைபோகும் செடி வேண்டும். ஈஸ்வரமூலி மெதுவாக வளரும், பூவும் கண்ணைக் கவராது. அதனால் பெயர் ஒன்றாகவும் செடி வேறாகவும் கைமாறுகிறது. பெயர் சரிதானா என்று பார்க்க யாரும் வருவதில்லை. அரசுப் பணத்தில் அமைத்த ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டத்திலேயே இந்தக் கொடி பந்தல் கட்டி நின்றதைப் பார்த்தேன். இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதிலும் வரவில்லை, கொடியும் போகவில்லை. மூலிகைத் தரகர்கள் இன்னொரு பக்கம் அசல் கொடியைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் காட்டில் இருக்கும் பூச்சியின் உணவை நீங்களே பறித்தது போலாகும். கூட்டுப்புழுவைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவரை அண்டவே விடாதீர்கள். பொன்னழகியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது.

அசலை அடையாளம் காணப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈஸ்வரமூலியின் இலை நீண்டு, நுனி கூர்ந்திருக்கும். சில இலைகள் நடுவில் இடுங்கி வீணையின் குடம்போல் தெரியும். அந்நியக் கொடியின் இலை நீளமும் அகலமும் ஏறக்குறைய சமமான இதய வடிவம். காம்பு தண்டோடு சேருமிடத்தில் சிறு வட்ட இலை ஒன்று தண்டைத் தழுவி நிற்கும். அதைக் கண்டால் வாங்காதீர்கள். உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கருடக்கொடி என்று கேட்டுப்பாருங்கள். யார் வேலியிலாவது இருந்தால் முற்றிய விதை வாங்குங்கள், அதுவே போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான கொடியை நட்டவர்களும் இதில் இடறுகிறார்கள். அசல் ஈஸ்வரமூலியில்கூடப் புழு சாகலாம். பண்ணையில் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவு மருந்தை மண்ணில் ஊற்றியிருந்தால் அது வேர் வழியாக ஏறி இலைக்குள் இருக்கும். இலையை எத்தனை முறை கழுவினாலும் போகாது. நீங்கள் மருந்து அடிக்காததால் மட்டும் செடி சுத்தமாகிவிடாது. வாங்கிய கன்றை முதல் மழைக்காலம் முழுவதும் கொசுவலைக்குள் வையுங்கள், பூச்சி நெருங்க வேண்டாம். பழைய இலைகள் உதிர்ந்து புதுத் தளிர் இரண்டு மூன்று முறை வந்த பிறகு வலையை எடுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதனால்தான் விதையை வலியுறுத்துகிறேன்.

ஒரே கொடி போதாது, ஐந்தாறாவது வேண்டும். பெண் பொன்னழகியின் சிறகு விரிப்பு 190 மில்லிமீட்டர் என்று 1932-ல் பதிவானது. 2020 வரை இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி அதுதான். அத்தனை பெரிய பூச்சியாக வளரும் புழு இலையோடு நிற்காமல் தண்டையும் கடித்துவிடும். அரை நிழலில், ஏறிக்கொள்ள மரம் உள்ள இடத்தில் நடுங்கள். தேனுக்கு இட்லிப்பூவும் வெள்ளிலையும் போதும்.

ஈஸ்வரமூலி பாம்புக்கடிக்கு மருந்து என்று யாராவது கஷாயம் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தக் குடும்பக் கொடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பாம்பு கடித்தால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போதுள்ள கொடியை வேரோடு தோண்டி எடுங்கள். காய் வெடித்தால் விதை காற்றில் பரவும், அதற்கு முன்பே காய்களைப் பறித்து எரித்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் இலைகளின் அடியைப் பாருங்கள். செம்மஞ்சள் மணி போன்ற முட்டைகள் இருந்தால் அந்த இலைத்துண்டை மட்டும் நறுக்கி, அசல் கொடியின் இளம் இலைக்கு அடியில் குண்டூசியால் குத்தி வையுங்கள். அசல் கொடி கிடைப்பதற்குள் பொரிந்துவிட்டால் அந்தப் புழுவைக் காப்பாற்ற வழியில்லை. அதனால் அசல் கொடி யார் வேலியில் இருக்கிறது என்று தேடி இன்றே போங்கள், விதையும் அங்கேயே கிடைக்கும்.