ஹேடாக் யாருடைய இடத்தில் நிற்கிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து டின்டின் படக்கதைகளை முதலிலிருந்து வரிசையாக மறுபடியும் வாசித்துவருகிறோம். கேப்டன் ஹேடாக் வந்து சேர்ந்த இடத்தில் எங்களுக்குள் தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஹேடாக் வந்த பிறகுதான் தொடருக்கே உயிர் வந்தது, உண்மையில் அவர்தான் நாயகர் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவர் டின்டினின் நாயான ஸ்நோயியின் இடத்தைப் பறித்துக்கொண்டார் என்பது என் தரப்பு. ஆரம்பக் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் பேசி, டின்டினையே கேலி செய்துகொண்டு வந்த அந்த நாய், ஹேடாக் வந்ததும் வெறும் நாயாகிவிட்டது. பதிலாக நமக்குக் கிடைத்தது ஒரு குடிகாரரின் தடுமாற்றம் என்ற ஒரே நகைச்சுவை. அதுவும் கடைசி ஆல்பம் வரை இழுக்கப்படுகிறது. ஒரு துணைப்பாத்திரம் எந்த அளவுக்கு வளரலாம்? வாசகர்கள் விரும்புகிறார்கள் என்பதற்காக ஆசிரியர் அதன் பங்கைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கவனித்திருப்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் எனக்கு உடன்பாடாக இல்லை. ஸ்நோயியின் பேச்சு குறைந்ததும் ஹேடாக்கின் பேச்சு பெருகியதும் ஒரே காலத்தில் நடந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை இடப்பறிப்பு என்று பார்த்தால், தொடரின் ஆசிரியர் ஹெர்ஜே அங்கே செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

1929 ஜனவரி 10 அன்று தொடர் தொடங்கியபோது டின்டினுக்குத் துணையாக இருந்தது நாய் மட்டுமே; அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேல் அந்த நிலை ஏறத்தாழ அப்படியே நீடித்தது. டின்டின் அஞ்சாதவன், சலிக்காதவன், ஆசைகளுக்கு ஆட்படாதவன். அப்படிப்பட்ட ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது பக்கங்களை நகர்த்த முடியாது. பசிக்கிறது, கால் வலிக்கிறது, இந்த வம்பு நமக்கு எதற்கு என்று சொல்ல யாராவது வேண்டும். அந்தப் பொறுப்பை ஸ்நோயி ஏற்றிருந்தது. அதன் சலிப்பும் கிண்டலும் எலும்பின் மீதான சபலமும் டின்டினிடம் இல்லாதவற்றை ஈடுசெய்தன. 1937-38இல் வெளியான 'கருந்தீவு' கதையை நினைவுபடுத்திப் பாருங்கள். ரயில் தொட்டியிலிருந்து கசியும் விஸ்கியைக் குடித்துத் தள்ளாடுவது ஸ்நோயிதான். ஹேடாக் என்ற பெயரை யாரும் கேள்விப்படுவதற்கு முன்பே இந்தத் தொடரில் விஸ்கியும் தள்ளாட்டமும் வந்துவிட்டன, நாயின் வடிவில்.

ஆகவே 1940 அக்டோபரில் தொடங்கிய 'தங்க நகங்கள் கொண்ட நண்டு' கதையில் வந்து சேரும் ஹேடாக் காலியான ஓர் இடத்துக்கு வரவில்லை என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். முணுமுணுப்பு, சுகவிருப்பம், வாய்த்துடுக்கு, மதுவின் மீதான பலவீனம் ஆகிய எல்லாமே அவருக்கு ஸ்நோயியிடமிருந்து வந்த சொத்துக்கள். ஆனால் அவை ஒரு மனிதனிடம் வந்து சேர்ந்ததும் அவற்றின் தன்மையே மாறிவிடுகிறது. நாய் குடித்துவிட்டுத் தள்ளாடினால் நாம் சிரித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். அதற்காக நாய் வெட்கப்படுவதில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்பதுமில்லை.

ஹேடாக்கின் அறிமுகம் எவ்வளவு பரிதாபமானது என்பதைத் தொடர்ந்து வரும் கதைகளின் செல்வாக்கு மறக்கடித்துவிடுகிறது. அவர் ஒரு கப்பலின் தலைவர். ஆனால் அவருடைய முதன்மை உதவியாளன் ஆலன் விஸ்கி ஊற்றிக்கொடுத்து அவரை அறைக்குள் முடக்கிவைத்துவிட்டு, அதே கப்பலில் போதைப்பொருள் கடத்திக்கொண்டிருக்கிறான். அவரைக் காப்பாற்றப் போகும் டின்டினுக்கு அவராலேயே ஆபத்து வருகிறது. படகில் குளிர்காய்வதற்காகத் துடுப்புகளைக் கொளுத்துகிறார். விமானம் ஓட்டிக்கொண்டிருப்பவனைப் புட்டியால் அடிக்கிறார். சகாராவில் தாகத்தால் புத்தி பேதலித்து, டின்டினை ஷாம்பெயின் புட்டி என்று எண்ணி அவன் தலையைத் திருகித் திறக்கப் பார்க்கிறார். இவற்றுள் பாதி வேடிக்கை, பாதி உண்மையிலேயே பயங்கரம். அவர் புகழுக்குக் காரணமான வசவுமழையும் அதே பாலைவனத்தில்தான் பெருக்கெடுக்கிறது: எதிரியின் குண்டு அவருடைய புட்டியை உடைத்துவிட, அவர் ஆத்திரம் தாங்காமல் திட்டிக்கொண்டே தனியாளாகப் பாய்கிறார், எதிரிகள் ஓடுகிறார்கள். அவர்கள் ஓடுவது பின்னால் வந்துவிட்ட மீட்புப் படையைப் பார்த்து. அவரோ தம்மைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று நம்புகிறார். சிறுவர் இதழில் உண்மையான வசவுகளை அச்சிட முடியாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து ஹெர்ஜே உருவாக்கிக்கொண்ட வழி அது. விலங்கியலிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் அரிய சொற்களைத் தேடியெடுத்து வசவாக்கினார்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் உங்கள் இரு தரப்பினருமே போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தொடர்கதையின் நாயகன் மாறக் கூடாது; இந்த வாரம் வாசிக்கத் தொடங்கும் சிறுவனுக்கும் பத்தாண்டுகளாக வாசிப்பவருக்கும் அவன் அதே ஆளாகத் தெரிய வேண்டும். டின்டினுக்கு வயது சொல்லப்படவில்லை, பெற்றோர் இல்லை, இறந்தகாலமே இல்லை. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடும் கதையில் காலம் யார் மீதாவது படிந்தே தீரும். அது ஹேடாக் மீது படிந்தது. 1942-43இல் வந்த 'யூனிகார்னின் ரகசியம்' அவருக்கு ஒரு மூதாதையரைத் தருகிறது. அடுத்த கதையில் ஒரு மாளிகையும் கால்குலஸ் என்ற நண்பரும் கிடைக்கிறார்கள். பின்னர் அழையா விருந்தாளிகளும், தவறான எண்ணுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும், அவர் பெயரை ஒருபோதும் சரியாக உச்சரிக்காத பாடகி கஸ்டாஃபியோரேயும் சேர்ந்துகொள்கிறார்கள். 'யூனிகார்னின் ரகசிய'த்தில் தம் மூதாதையர் கடற்கொள்ளையனோடு போரிட்ட கதையை ஹேடாக் வாளைச் சுழற்றி நடித்துக்காட்டும் நீண்ட பகுதியில், டின்டின் நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஹேடாக்கின் தலை மூதாதையரின் ஓவியத்தைக் கிழித்துக்கொண்டு அவர் முகம் இருந்த இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு பாத்திரத்துக்குப் பரம்பரை கிடைப்பதை இதைவிடச் சிக்கனமாக வரைந்து நான் பார்த்ததில்லை.

இதில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரம்பக் கதைகளில் அந்நிய நாடுகளில் ஒரு பையனும் ஒரு நாயும் மட்டும் அலையும்போது இருந்த தனிமை பிறகு திரும்பவே இல்லை. ஸ்நோயியின் கிண்டல் ஒருவிதத்தில் டின்டின் தன்னோடு தானே பேசிக்கொள்வதாகவும் இருந்தது. அது மறைந்ததற்காக நீங்கள் வருந்துவது நியாயம்.

இனி மற்றத் தரப்புக்கு. ஹேடாக்தான் உண்மையான நாயகர் என்பவர்களுக்கு ஹெர்ஜே தம்மையறியாமல் ஒரு சோதனையையே செய்துவைத்திருக்கிறார். 'கருப்புப் பொன்னின் நாடு' கதை 1939இல் தொடங்கி, 1940 மே மாதம் ஜெர்மானியப் படையெடுப்பால் பாதியில் நின்றுபோனது. 1948இல் அதை மீண்டும் எடுத்தபோது இடையில் ஹேடாக் பிறந்து, வாசகர்களின் செல்லப்பிள்ளையாகவும் ஆகிவிட்டார். அவரை விட்டுவிடவும் முடியாது. அவர் இல்லாமல் கட்டப்பட்ட கதைக்குள் நுழைக்கவும் முடியாது. ஆகவே தொடக்கத்தில் தொலைபேசியில் வந்து, தம்மைக் கடற்பணிக்கு அழைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். முடிவுக்கு அருகில் திடீரென்று தோன்றி டின்டினைக் காப்பாற்றுகிறார். அங்கே எப்படி வந்தார் என்பதை அவர் விளக்கத் தொடங்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கிட்டுவிடுகிறது. அந்த விளக்கம் கடைசிவரை நமக்குக் கிடைப்பதில்லை. ஓர் ஆசிரியர் தம் சங்கடத்தையே நகைச்சுவையாக்கிய இடம் அது. கதை அவர் இல்லாமலும் நிற்கிறது, துப்பும் துரத்தலும் குறைவின்றி நடக்கின்றன. நாயகர் என்று அவரைச் சொல்ல முடியாததற்கு அது போதும்.

துணைப்பாத்திரம் நாயகனை உண்மையிலேயே விழுங்குவது எப்படி இருக்கும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் ஈ. சி. சீகர் 1919இல் தொடங்கிய நாளிதழ்ப் படக்கதையில் ஆலிவ் ஆயில், அவள் அண்ணன் காஸ்டர், காதலன் ஹாம் கிரேவி ஆகியோர்தான் முதன்மை மாந்தர்கள். 1929 ஜனவரியில், ஒரு பயணத்துக்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமியாக பாப்பாய் உள்ளே வந்தார். வந்தவர் போகவில்லை, ஹாம் கிரேவிதான் போய்விட்டார், காதலியையும் விட்டுவிட்டு. ஹேடாக் அப்படி யாரையும் வெளியேற்றவில்லை.

பிறகு அவர் செய்யும் வேலைதான் என்ன? அதற்கு 1958-59இல் வெளியான 'திபெத்தில் டின்டின்' கதையை வாசிக்க வேண்டும். விமான விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் நண்பன் சாங் உயிரோடு இருக்கிறான் என்று டின்டின் ஒரு கனவை வைத்து உறுதியாக நம்புகிறான். ஹேடாக் நம்பவில்லை. வரமாட்டேன் என்கிறார், வருகிறார். இதற்குமேல் ஓரடியும் எடுத்துவைக்கமாட்டேன் என்கிறார், எடுத்துவைக்கிறார். டின்டினின் உறுதியைப் பார்த்து நாம் வியக்கலாம், ஆனால் அவனோடு நம்மை வைத்துப் பார்க்க முடிவதில்லை. நம்பிக்கை இல்லாமலேயே நண்பனுக்காக மலையேறுகிற அந்த மனிதரோடு முடிகிறது. பனிமலையில் கயிற்றில் தொங்கும்போது, தம் பாரம் டின்டினையும் இழுத்துவிடும் என்று கண்டு, கயிற்றை அறுத்துக்கொள்ளக் கத்தியை எடுக்கிறார். டின்டின் மறுக்கிறான், கத்தி கைதவறி விழுகிறது, விட்டுச்சென்ற வழிகாட்டி தார்க்கி திரும்பிவந்து இருவரையும் காப்பாற்றுகிறான். துடுப்பைக் கொளுத்தியவரும் கயிற்றை அறுக்கத் துணிந்தவரும் ஒரே ஆள் என்பது நினைவுக்கு வரும்போதுதான் அந்தக் காட்சியின் எடை தெரிகிறது. இதை ஸ்நோயியைக் கொண்டு எழுத முடியாது. டின்டினைக் கொண்டும் எழுத முடியாது, ஏனென்றால் அவன் கயிற்றை அறுப்பான் என்பதில் நமக்கு முதல் பக்கத்திலிருந்தே சந்தேகமில்லை.

வாசகர்களின் விருப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். 1988இல் பேட்மேன் தொடரில் பேட்மேனின் இளந்துணைவனான ராபின் வேடத்தை இரண்டாவதாக ஏற்ற ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடமே தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 5,343 வாக்குகள் சாகட்டும் என்றன; 5,271 வாக்குகள் பிழைக்கட்டும் என்றன. எழுபத்திரண்டு வாக்குகளில் ஒரு பாத்திரம் கொல்லப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் வந்துவிட்டது. மறுபுறம், ஆஸ்டெரிக்ஸ் தொடரில் ஒரு கதை முழுவதும் யாருக்கும் தெரியாமல் பின்தொடர்ந்துவரும் சிறு நாயை வாசகர்கள் விரும்பினார்கள். இதழ் அவர்களிடம் பெயர் மட்டும் கேட்டது. நாய்க்கு என்ன வேலை கொடுப்பது என்பதைத் தொடரின் படைப்பாளிகளான கோசினியும் உதேர்சோவும் தீர்மானித்துக்கொண்டார்கள். என் ஓட்டு இரண்டாவது முறைக்கு.

குடிக் கேலியைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நிலவுப் பயணத்தில் போதையில் ராக்கெட்டை விட்டு வெளியேறி ஒரு சிறுகோளைச் சுற்றத் தொடங்கும் காட்சி போன்றவை அந்தப் பழைய கேலியைப் புதிய அபாயத்தோடு இணைக்கின்றன. வேறு சில இடங்களில் அது வெறும் பழக்கமாகத் தேய்ந்துபோயிருப்பது உண்மை. ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதற்கு நேர்மாறான ஒன்று. 1976இல் ஆல்பமாக வந்த 'டின்டினும் பிகாரோக்களும்' கதையில், மதுவையே சுவைகெடச் செய்யும் மருந்தைக் கால்குலஸ் ஹேடாக்குக்குத் தெரியாமலேயே கொடுத்துவிடுகிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் தோற்றும் நிமிர்ந்தும் போராடிய பலவீனத்தை ஒரு மாத்திரை தீர்த்துவைக்கிறது. அதை விடுவதா, வைத்திருப்பதா என்பதை அவரே முடிவு செய்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

இத்தனைக்கும் அதே ஆல்பத்தில்தான் அவருடைய முதற்பெயர் ஆர்ச்சிபால்ட் என்பது முதன்முறையாக நமக்குச் சொல்லப்படுகிறது. தங்களுக்கு வந்த அழைப்பு ஒரு பொறி என்று சந்தேகித்து டின்டின் வீட்டிலேயே தங்கிவிட, ஹேடாக்கும் கால்குலஸும் மட்டும் முன்னால் புறப்பட்டுப் போவதும் அதில்தான். டின்டின் பிறகுதான் போய்ச் சேர்கிறான். உங்கள் வாசிப்பு வரிசையில் அது இன்னும் வரவில்லை என்றால், அந்தப் பக்கங்களுக்கு வந்ததும் மறுபடியும் எழுதுங்கள். உங்கள் எதிர்த்தரப்பு அங்கே என்ன சொல்கிறது என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.