பாமினியில் கிடக்கும் பழைய தளத்தை என்ன செய்வது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு 2003இல் பாமினி எழுத்துருவில் ஓர் இணையதளம் போட்டோம். இப்போது கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வருகிறது. எழுத்துருவை மறுபடி ஏற்றினால் சரியாகுமா?

பதில்: பார்வைக்குச் சரியாகும். ஆனாலும் வேண்டாம்.

உங்கள் கோப்பில் தமிழே இல்லை. 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதற்குத் தமிழ் வேஷம் கட்டியது பாமினி. அந்தக் காலத்தில் பல தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு இஓடி (EOT) என்ற வகைக் கோப்பாக அனுப்பின. அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டுமே படித்தது. அந்த உலாவிக்கு 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்திவிட்டது.

பாமினியை இன்றைய இணைய எழுத்துரு வடிவமான வோஃபில் (WOFF) ஏற்றினால் எல்லா உலாவியிலும் தெரியும்தான். ஆனால் பழைய அதிபரின் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படாது. ஒரு பத்தியை வாட்ஸாப்பில் ஒட்டினால் மறுபடி அதே குப்பை. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் ஆங்கில எழுத்துகளைத்தான் ஒப்பிக்கும்.

ஆகவே உரையையே, தமிழுக்கென்றே தனிக் குறிகள் உள்ள ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். முதலில் முழுத் தளத்துக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சில பக்கங்கள்தான் என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை யாரையாவது பிடித்து, ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

நோட்பேடில் நாமே எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். பாமினியில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். ஒருங்குறியில் எழுத்துதான் முதலில் வரும். வரிசையைத் திருப்பாமல் மாற்றினால் கொம்பெல்லாம் முந்தின எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொ' இன்னும் தொல்லை: பாமினியில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு, ஒருங்குறியில் இரண்டே குறி.

பக்கத்தின் நிரலை அப்படியே மாற்றியில் கொட்டினாலும் ஆபத்து. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிச்சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து 'தமிழாகி'விடும். நல்லவேளை, பழைய பக்கங்களில் எந்தப் பத்திக்குப் பாமினி என்று எழுத்துருக் குறிச்சொல்லே சொல்லிவிடும். அதற்குள் இருப்பதை மட்டும் மாற்றி, அப்புறம் அந்தக் குறிச்சொல்லை நீக்குங்கள். கோப்பை, ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அப்படியே அறிவியுங்கள். மொழி தமிழ் என்று ஒரு குறிப்பும் சேர்த்தால் திரைவாசிப்பானுக்கு உதவும். கோப்புப் பெயர்களைத் தொடாதீர்கள். பழைய இணைப்புகள் அறுந்துபோகும்.

இவ்வளவு செய்தும் சில தலைப்புகள் தேடலில் சிக்கவில்லை என்றால், அவை படமாகவே போடப்பட்டவையாக இருக்கும். அவற்றைக் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.