எரிந்த வயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு ராயக்கோட்டை. சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து மண்டியிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறேன். வண்டியோடு வந்த ஸ்பீக்கரில் பேஸ் சுத்தமாக இல்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 10 இன்ச் சப்வூஃபரும் '3000 வாட்' ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, அங்கேயே சீட்டுக்குப் பின்னால் மாட்டினேன். 38,500 ரூபாய், ஜிபே செய்தேன். கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, வழக்கு பெங்களூரில் மட்டும்' என்று முத்திரை. ஐந்தாவது வாரம் உத்தனப்பள்ளி அருகே பானட்டுக்குள்ளிருந்து புகை. வயரிங் மாற்ற 61,000 ரூபாய் ஆனது, ஒன்பது நாள் வண்டி நின்றது. 'சவுண்டை ஏற்றி வைத்திருப்பீர்கள்' என்கிறார் கடைக்காரர். ஷோரூமிலும் கைவிரித்துவிட்டார்கள். இடையில் ஒருமுறை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸில் ஒன்று போனதால், மச்சான் 40 ஆம்பியர் போட்டுவிட்டான். இதை வழக்கில் மறைத்துவிடலாமா? வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் நுகர்வோர் வழக்கே போட முடியாதாமே? மறுபடி மாட்டினால் போலீஸ் பிடிக்குமா? எரிந்த வயரின் படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: மச்சானிடமிருந்தே தொடங்குகிறேன். மறைக்காதீர்கள். புகாரோடு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், அதில் பொய் ஏறினால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும். அதோடு, மச்சான் செய்த வேலை உங்கள் வழக்கைக் கெடுப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பாருங்கள். வயர் உருகியிருப்பது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இல்லை. எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழையும் தகட்டு ஓட்டையில். ஓட்டையின் விளிம்பில் ரப்பர் புஷ் கிடையாது. ஓடுகிற அதிர்வில் தகடு வயரின் தோலை அறுத்து, உள்ளே இருக்கும் கம்பி பாடியைத் தொட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரியின் மொத்த கரண்டும் அந்த இடத்திலேயே பாய்ந்துவிடும், ஆம்ப்ளிஃபயர் வரை போகவே போகாது. அப்படியிருக்க, அந்தக் கோடியில் இருக்கும் ஃபியூஸ் 30 ஆனால் என்ன, 40 ஆனால் என்ன? இந்த வயரைக் காப்பாற்ற வேண்டிய ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள் இருந்திருக்க வேண்டும். படத்தில் பேட்டரி முனையிலிருந்து வயர் நேராகக் கிளம்புகிறது. ஃபியூஸே இல்லை.

கடைக்காரரின் 'சவுண்டை ஏற்றினீர்கள்' வாதமும் இங்கேதான் அடிபடுகிறது. அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கரண்ட் அளவு மீறினால் பேட்டரி பக்க ஃபியூஸ் போய் பாட்டு நின்றிருக்கும், வயர் உருகியிருக்காது. அதை மாட்டாமல் விட்டது அவருடைய ஆள். சட்டம் இதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

ஆகவே உங்கள் முதல் சாட்சி அந்த வயர்தான். மெக்கானிக் ஷெட்டில் கிடந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள். பழைய காயலானுக்குப் போட்டுவிட்டால் வழக்கில் பாதி போச்சு. உருகிய முனையை வெட்டாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய எலக்ட்ரீஷியனிடம் எங்கே உருகியிருந்தது, ஃபியூஸ் இருந்ததா, புஷ் இருந்ததா என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். தேவைப்பட்டால், புகாரை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

வாடகை வண்டி பற்றிய பயம் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் அல்ல என்கிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிரு ஆள் வைத்தாலும் அது மாறாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்புறம், நீங்கள் வாங்கியது சப்வூஃபர். தக்காளிக்கு வாடகை வரும், பாட்டுக்கு யார் தருகிறார்கள்?

பெங்களூருக்கும் அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 34. சட்டம் தந்த இந்த உரிமையைத் துண்டுச் சீட்டின் முத்திரை பறிக்க முடியாது. 'திரும்பப் பெறப்படாது' என்பதற்கும் பெரிய மதிப்பில்லை. சொல்லப்போனால், முறையான பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை, அதையும் புகாரில் சேருங்கள். பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு போதும்.

அந்த '3000 வாட்' பெட்டியையும் எடுத்து வையுங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் சேர்ந்தால் 60. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 840 வாட், அதுவும் உள்ளே போவது. தொடர்ந்து வெளியே வருவது அதைவிடக் குறைவு. 3000 எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் ஆணையத்தில் விளக்கட்டும். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி இருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் 38,500, ரிப்பேர் செலவு, ஒன்பது நாள் வருமான இழப்பு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் கேட்டுப் புகார். வருமான இழப்புக்கு முந்தைய மாதத்து மண்டிச் சீட்டுகள் வேண்டும், வாய்ச்சொல் நிற்காது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஷோரூமோடு சண்டை வேண்டாம். வெளியே மாட்டிய வயரால் வந்த சேதத்துக்கு அவர்களிடம் ஜெயிப்பது கஷ்டம். ஆனால் எஞ்சின், கியர் பாக்ஸுக்கு வாரண்டி தொடர்கிறது என்று மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, போலீஸ். கேபினுக்குள் சப்வூஃபர் வைப்பது மட்டும் குற்றமில்லை. லோடு பாடியில் வெளியே பார்க்க ஸ்பீக்கர் கட்டினால் ஒலிபெருக்கி விதிகள் வந்துவிடும். எழுத்து அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-ன் கீழ் ஒலி அளவு மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விடியற்காலை மண்டிக்குக் கிளம்பும்போது தெருவைத் தாண்டும் வரை பேஸைக் குறைத்து வையுங்கள். இந்தமுறை மாட்டுபவரிடம் பேட்டரி ஃபியூஸையும் ரப்பர் புஷ்ஷையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.