வழக்கறிஞர் இல்லாமல் கொடுத்த புகார் தள்ளுபடியாகிவிடுமா?

கேள்வி: பாலக்கோடு அருகே மூன்று ஏக்கரில் தக்காளி பயிரிடுகிறேன். சென்ற ஆண்டு வைகாசியில் தருமபுரியில் ஒரு கடையில் 42,000 ரூபாய்க்கு சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கி 700 அடி போர்வெல்லில் இறக்கினேன். ஐந்தாம் மாதமே மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. கரண்ட் ஏற்ற இறக்கத்தால் எரிந்தது, வாரண்டி பொருந்தாது என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். செடி வாடுகிறதே என்று வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நானே புகார் எழுதி, 25 லட்சம் நஷ்டஈடு கேட்டிருக்கிறேன். வக்கீல் இல்லாமல் போனால் அற்ப வழக்கு என்று தள்ளிவிட்டு உனக்கே அபராதம் போடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். புகாரின் நகலை இணைத்துள்ளேன். தாக்கல் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் இப்போது இருக்கும் வடிவில் செய்யாதீர்கள்.

வழக்கறிஞர் இல்லை என்பது ஒரு புகாரைத் தள்ளுபடி செய்வதற்கான காரணமே அல்ல. நுகர்வோர் தானே நேரில் வந்து பேசலாம் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் 1986ஆம் ஆண்டுச் சட்டமும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அமைக்கப்பட்டன. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம்கூட இல்லை. புகாரை ஏற்பதா வேண்டாமா என்பதைச் சாதாரணமாக 21 நாட்களுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் நிராகரிக்கவும் கூடாது என்று 36ஆவது பிரிவு கூறுகிறது. நிராகரித்தாலும் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அபராதம் என்ற அச்சம் பழைய சட்டத்தின் 26ஆவது பிரிவிலிருந்து வந்தது. அற்பமானது அல்லது தொல்லை தரும் நோக்கம் கொண்டது என்று முடிவாகும் புகாருக்கு, எதிர்தரப்புக்கு 10,000 ரூபாய் வரை செலவுத்தொகை கொடுக்கும்படி அது உத்தரவிட வழிசெய்தது. இன்றைய சட்டத்திலும் செலவுத்தொகை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தோற்ற புகார் வேறு, அற்பப் புகார் வேறு. மோட்டாரில் குறை இருந்தது என்று நியாயமாக நம்பி வந்து, அதை நிரூபிக்க முடியாமல் போனவரை யாரும் தண்டிப்பதில்லை. உண்மையை மறைத்தவர், இல்லாத பில்லை உண்டாக்கியவர், முடிந்துபோன விவகாரத்தை மறுபடி மறுபடி இழுப்பவர் ஆகியோருக்காகவே அந்த ஏற்பாடு.

நீங்கள் அனுப்பிய நகலைப் பொறுமையாகப் படித்தேன். பதினான்கு பக்கங்களில் முதல் ஒன்பது பக்கங்கள், கம்பெனி ஆட்கள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பற்றியவை. பில் எண் பதினோராம் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. வாங்கிய தேதி எங்குமே இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புகாரைக் கையில் எடுப்பவர் முதல் பக்கத்தில் தேடுவது, எப்போது, எவ்வளவு விலைக்கு வாங்கினீர்கள், என்ன குறை, எப்போது சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத்தான். அது கிடைக்காதபோது உண்மையான குறையும் வெறும் மனத்தாங்கலாகத் தெரிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டு காலவரம்புக்குள் வந்திருக்கிறீர்களா என்பதைக்கூட அந்தத் தேதி இல்லாமல் கணக்கிட முடியாது.

இதைவிட முக்கியமானது, வெளி மெக்கானிக் மோட்டாரைப் பிரித்தார் என்று எனக்கு எழுதிய நீங்கள், புகாரில் அதை எழுதவில்லை. கம்பெனி முதல் பதிலிலேயே அதை எடுத்து வைக்கும். அப்போது மறைத்தீர்கள் என்ற பழி உங்கள் மீது விழும். நீங்களே முந்திக்கொண்டு, பயிர் வாடியதால் பிரிக்க வேண்டியிருந்தது என்று தேதியோடு எழுதிவிடுங்கள். எரிந்த காயிலை மெக்கானிக் தூக்கிப் போட்டுவிடாமல் வாங்கி, சாக்கில் கட்டி பத்திரமாக வையுங்கள். குறையைப் பரிசோதனையில்தான் கண்டறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். புதிதாகக் காயில் கட்டிய மோட்டாரில் அதற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது. மெக்கானிக் கண்டதை அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்வதும் நல்லது.

25 லட்சத்தை விட்டுவிடுங்கள். புதிய சட்டத்தில் எந்த ஆணையம் என்பதும் கட்டணமும் நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தவை. கேட்கும் தொகையை உயர்த்துவதால் எந்தப் பயனும் இல்லை. மோட்டார் விலை, இறக்கி ஏற்றிய கூலி, வாடிய பயிருக்குக் கணக்குக் காட்டக்கூடிய இழப்பு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் உங்களால் பதில் சொல்ல முடியும். விவசாயம் வணிக நோக்கம் என்று எதிர்தரப்பு வாதிட்டால் தயங்காதீர்கள். விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று 2012இல் தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கிய பொருளுக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது.

திருத்தி எழுதத் துணை வேண்டுமென்றால், தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி வாங்கிய ஒருவர் வழக்கறிஞர் இல்லாமல் தானே தொடுத்த புகார் ஏற்கெனவே தள்ளுபடியானது. இப்போது அதே விஷயத்துக்கு மீண்டும் நோட்டீஸ் வந்திருக்கிறது. வெற்றுப் புகார் என்பதால் பதில் கொடுக்காமல் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பதிலுரைக்கு 30 நாட்கள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்கள். அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. முதலில் பழைய உத்தரவின் நகலை வாங்கிப் பாருங்கள். இரு தரப்பையும் விசாரித்து முடித்த உத்தரவு என்றால், அதைக் காட்டி இரண்டாவது புகாரைத் தள்ளுபடி செய்யவும் செலவுத்தொகை வழங்கவும் கேளுங்கள். அவர் அன்று வராததால் தள்ளுபடியாகியிருந்தால் நிலைமை வேறு. அத்தகைய நேரத்தில் மீண்டும் புகார் கொடுக்க இடமுண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அப்போது அந்த மிக்ஸிக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதற்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாற்றிக் கொடுத்திருந்தால் அவர் கையெழுத்திட்ட சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.