டீபாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

விடுமுறைக்கு இங்கிலாந்து போகிறவர்களும் போய்வந்தவர்களும் டீபாட் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

லண்டனில் ஒரு வாரம் இருப்போம். ஒரே ஒரு டீபாட் வாங்குவதென்றால் எது? டெலிபோன் பூத், டபுள் டெக்கர் பஸ் வடிவத்தில் எல்லாம் கிடைக்கிறதாமே?

அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் பஸ்ஸே போதும். டீ குடிக்கவும் வேண்டுமென்றால் என் ஓட்டு 'பிரவுன் பெட்டி' (Brown Betty) என்ற டீபாட்டுக்குத்தான். குண்டு வயிறு, பளபளக்கும் அடர் பழுப்பு, பூ வேலை எதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்துச் செம்மண்ணில் செய்வது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எலர்ஸ் சகோதரர்கள் என்ற குயவர்கள் அந்த மண்ணை எடுத்து, சீனத்து யீஷிங் டீபாட்களைப் பார்த்து அதே பாணியில் செய்தார்கள். அந்த மண் மரபில் வந்ததுதான் இது. தடித்த மண் சூட்டைப் பிடித்துவைக்கும், உருண்டை வயிற்றுக்குள் இலை தாராளமாகச் சுழலும், கறை படிந்தாலும் வெளியே தெரியாது. சாதாரண ஆங்கிலேயர் வீடுகளில் தினசரி புழங்கியது இந்த மாதிரிதான், மாளிகைப் பீங்கான் அல்ல.

ஆனால் பழுப்பாக இருக்கிற எதையும் இந்தப் பெயர் சொல்லி விற்பார்கள். அடியில் ஸ்டோக் ஆன் ட்ரென்ட்டில் (ஸ்டாஃபோர்ட்ஷயரின் பீங்கான் நகரம்) செய்தது என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மூடியைத் திறந்து, மூக்கு தொடங்கும் இடத்தை உள்ளே பாருங்கள். அங்கே சல்லடை மாதிரி துளைகள் இருந்தால் இலைகளில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே நின்றுவிடும்.

போர்ட்டோபெல்லோ சாலையில் ஒரு கடைக்காரர், விக்டோரியா ராணி காலத்து டீபாட் என்று ஒன்றைக் காட்டினார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவிழ்த்துப் பாருங்கள். முத்திரையில் 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என அமெரிக்காவின் மெக்கின்லி சட்டம் அந்த ஆண்டுமுதல் கேட்டது. பீங்கான்காரர்களுக்கு அமெரிக்கா பெரிய சந்தை, அதனால் பொறிக்கத் தொடங்கினார்கள். 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் 20ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 'போன் சைனா' (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்) என்ற சொல் முத்திரையிலேயே இருந்தாலும் அப்படித்தான். விக்டோரியா இறந்தது 1901-இல், இனி நீங்களே கணக்குப் போடுங்கள்.

வைர வடிவ முத்திரை இருந்தால் கொஞ்சம் உற்சாகப்படலாம். அது 1842 முதல் 1883 வரை வடிவமைப்புப் பதிவுக்குப் பயன்பட்டது. 1884 முதல் 'ஆர்டி' (Rd) என்ற எழுத்துகளோடு வெறும் எண். இரண்டுமே அந்த வடிவம் பதிவான காலத்தைத்தான் சொல்லும். அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் செய்திருப்பார்கள்.

ஏமாறுவது அதிகம் நடக்கும் இடம் இன்னொன்று. வெட்ஜ்வுட் என்ற பீங்கான் நிறுவனத்தின் முத்திரையில் '1759' என்று பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கிவிடுகிறது. அது ஜோசையா வெட்ஜ்வுட் தொழில் தொடங்கிய ஆண்டு. போன மாதம் சூளையிலிருந்து வந்த பாத்திரத்திலும் அதே எண் இருக்கும்.

ராயல் ஆல்பர்ட் ரோஜாப்பூ டீபாட் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இந்தோனேசியா என்று இருக்கிறது. போலியா?

போலி இல்லை. ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோஸஸ்' என்ற ரோஜாப்பூ வேலைப்பாடு 1962-இல் வந்தது. நெடுங்காலம் இங்கிலாந்திலேயே செய்தார்கள். இந்த நூற்றாண்டில் தயாரிப்பு இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. வெட்ஜ்வுட்டிலும் பல பொருள்களுக்கு இதே கதைதான். பொருள் மட்டமில்லை. ஆனால் இங்கிலாந்தில் செய்ததுதான் வேண்டும் என்றால் பழைய முத்திரையுள்ளதை ஆக்ஸ்ஃபாம் மாதிரியான தொண்டு நிறுவனக் கடைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் தேடுங்கள்.

டீபாட்டுக்காகவே ஒரு நாள் ஒதுக்க முடியும். எங்கே போகலாம்?

ஸ்டோக் ஆன் ட்ரென்ட். லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த நகரின் பர்ஸ்லெம் பகுதியில் மிடில்போர்ட் பாட்டரி என்ற பழைய ஆலையில் 'பர்லி' (Burleigh) என்ற பிராண்ட் பாத்திரங்களைச் செய்கிறார்கள். செம்புத் தகட்டில் செதுக்கிய பூவேலையை மெல்லிய டிஷ்யூ தாளில் அச்செடுத்து, பாத்திரத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, கையால் ஒட்டித் தேய்க்கிறார்கள். இரண்டு தாள் சேரும் தையல் எங்காவது தெரியும். அது குறை இல்லை, கைவேலையின் அடையாளம். அதே நகரின் ஹான்லி பகுதியில் எம்மா பிரிட்ஜ்வாட்டர் பீங்கான் ஆலையும் உண்டு. ஆலைக் கடைகளில் 'செகண்ட்ஸ்' கேளுங்கள். சின்னப் புள்ளி, லேசான நிறமாற்றம் என்று ஒதுக்கியவை மலிவாகக் கிடைக்கும்.

வாங்காமல் பார்க்க மட்டும் என்றால் கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நாரிச் கோட்டை அருங்காட்சியகம். பிரிட்டிஷ் பீங்கான் டீபாட்களின் மிகப் பெரிய சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு டீபாட். முடிசூட்டே நடக்கவில்லை என்பதால் அபூர்வம் என்று பெரிய விலை சொல்கிறார்கள்.

விட்டுவிடுங்கள். 1937 மே மாத விழாவுக்காகப் பீங்கான் ஆலைகள் முன்கூட்டியே செய்து குவித்துவிட்டன. அவர் 1936 டிசம்பரில் பதவி துறந்தார். நடக்காத விழாவின் பாத்திரங்கள் இன்னும் ஏராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கதை நன்றாக இருக்கிறது, விலைக்கு அது காரணம் ஆகாது.

விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கலாமா?

முடியாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பொருளுக்கு 2021 ஜனவரி முதல் அந்த வசதி இல்லை. கடையே நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினால் சிலர் 20 சதவீத வரியைக் கழிப்பார்கள். ஆனால் அனுப்பும் செலவும் நம் ஊர்ச் சுங்கமும் சேர்ந்தால் லாபம் எதுவும் மிஞ்சாது.

பழைய டீபாட்டில் டீ போடலாமா? நாங்கள் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்கிறவர்கள்.

பீங்கானோ மண்ணோ, அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள், வெடித்துவிடும். பாத்திரத்தில் கொதிக்கவைத்து வடிகட்டி டீபாட்டில் ஊற்றிப் பரிமாறுங்கள். ஊற்றும் முன் வெந்நீரால் ஒரு தடவை அலசிச் சூடேற்றினால் விரிசலும் விழாது. பழைய கிளேஸ்களில், அதாவது மேலே பூசும் பளபளப்புப் பூச்சுகளில், ஈயம் சகஜம். உள்ளே வலைபோல் வெடிப்பு ஓடியிருக்கும் 19ஆம் நூற்றாண்டுப் பாத்திரத்தை அலமாரியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

உடையாமல் கொண்டுவர ஒரு வழி சொல்லுங்கள்.

கைப்பையில்தான். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள், வயிற்றுக்குள் காலுறைகளைத் திணியுங்கள். அடிபடுவது பெரும்பாலும் மூக்கு நுனியும் கைப்பிடியும்தான். அந்த இரண்டு இடத்துக்கும் துணியை இரட்டிப்பாகச் சுற்றுங்கள்.